வில்லன் உழுத நிலம்

'வில்லன்' என்ற சொல்லை அறியாத மாணவர் நம்மிடையே ஒருவரும் இரார். நாடக மேடையிலும் திரைப்படத்திலும் கதாநாயகனுக்கு இடையூறு செய்பவன் எவனோ அவனே வில்லன் என்பது சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழில் குடியேறிவிட்ட சொற்களுள் அதுவும் ஒன்று. 'வில்லை ஏந்தியவன் வில்லன்' என்று என் வகுப்பில் மாணவன் ஒருவன் ஒருமுறை விளக்கம் சொன்னான். வில்லாளி என்ற பொருள் அச்சொல்லுக்குத் தமிழில் உண்மையாகவே உண்டு. ஆகையால் அவனைக் கடிந்துகொள்ளவும் இயலவில்லை. ஆனால் ஆங்கில வில்லன் வில்லேந்தியவன் அல்லன். தொடக்கத்தில் அவன் தீயவனும் அல்லன். அவன் ஏர் பிடித்த உழவன்.

உழவனைக் குறித்த சொல் கயவனைக் குறிக்கும் சொல்லாக எவ்வாறு மாறிற்று? பழைய ஆங்கிலச் சொற்களைப் பற்றிய இன்றைய உரையில் பெரும்பாலும் இந்த ஒரு வினாவையே ஆராய எண்ணுகிறேன். அகராதியின் ஓரத்தில் 'வழக்கிறந்தது' என்னும் குறிப்போடு கிடக்கும் சொற்களை நீங்கள் நெட்டுருச் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தேர்வுக்காக அப்படிச் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே அவற்றை மறந்து போனவர்களை முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். ஒரு சொல்லின் பொருள் எப்போது மாறிற்று, யாருடைய வாயில் மாறிற்று என்று கேட்டுப் பாருங்கள். அகராதி அப்போது வரலாற்று நூலாகிவிடும்.

லத்தீன் மொழியில் 'வில்லா' என்றால் நாட்டுப்புறத்துப் பண்ணை வீடு. அந்தப் பண்ணையைச் சேர்ந்தவன் 'வில்லானுஸ்'. இச்சொல் பிரெஞ்சு மொழியின் வழியாக 'வில்லெயின்' என்று உருமாறி, 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு அந்நாட்டிற்கு வந்தது. வென்ற அரசராகிய வில்லியம் 1085ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில், நாட்டிலுள்ள நிலம், ஏர், ஆலை, குடி அனைத்தையும் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டார். மறு ஆண்டில் உருவான அந்தப் பெருங்கணக்கைத்தான் 'டூம்ஸ்டே புத்தகம்' என்கிறோம். 'டூம்' என்ற சொல்லும் பொருள் மாறியதே. இன்று அது பேரழிவைக் குறிக்கிறது; அன்று அது தீர்ப்பு என்று பொருள்பட்டது. இறுதித் தீர்ப்பு நாளில் மேல்முறையீடு இல்லாதது போல இந்தக் கணக்கின் மீதும் மேல்முறையீடு இல்லை என்பதனால் குடிமக்கள் அதற்கு அப்பெயரிட்டார்கள்.

அக்கணக்கில் பதிவான மக்களுள் ஏறத்தாழப் பத்தில் நான்கு பங்கினர் வில்லெயின்கள். அடிமைகள் தனியே, 'செர்வி' என்ற வேறு பெயரில், ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினராக எண்ணப்பட்டிருக்கிறார்கள். இதனை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். 1086இல் வில்லெயின் அடிமை அல்லன். அவனுக்கு நிலம் உண்டு. ஏர்மாடுகளில் பங்கு உண்டு. கிராமத்தில் அவன் ஓர் ஆள்.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் சட்டம் அவன் கழுத்தை இறுக்கிற்று. பண்ணைப் பிரபுவின் இசைவின்றி அவன் ஊரைவிட்டுப் போகக் கூடாது. வாரத்தில் குறித்த நாள்களில் பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழ வேண்டும். அறுவடைக் காலத்தில் அதற்கு மேலும் சில நாள்கள் 'பூன் வொர்க்' என்ற பெயரால் உழைக்க வேண்டும். 'பூன்' என்றால் வரம், வேண்டுகோள். மறுக்க முடியாத வேலைக்கு 'வேண்டிக்கொண்ட வேலை' என்று பெயர் வைத்த நயத்தை என்னென்பது! மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டுமானால் பிரபுவுக்குப் பணம் செலுத்த வேண்டும். அதற்கு 'மெர்ச்செட்' என்று பெயர். அவன் இறந்தால் அவன் வீட்டிலுள்ள மிகச் சிறந்த கால்நடை பிரபுவைச் சேரும்; அதற்கு 'ஹெரியட்' என்று பெயர்.

இந்த 'ஹெரியட்' தனியே நின்று பார்க்க வேண்டிய சொல். பழைய ஆங்கிலத்தில் 'ஹெரெ' என்றால் படை. 'கெயாட்வா' என்றால் தளவாடம். தலைவன் தன் வீரனுக்குக் குதிரையும் வாளும் வேலும் கொடுத்துப் போருக்கு அனுப்பினான். வீரன் மடிந்தால் அந்தப் போர்க் கருவிகள் கொடுத்தவனிடமே திரும்பின. அதில் ஒரு நியாயம் உண்டு. காலப்போக்கில் வீரன் மறைந்தான், உழவன் எஞ்சினான். பிரபு கொடுத்திராத பசுவை, பிரபு கொடுத்த வாளின் பெயரால் திரும்பப் பெறும் வழக்கம் வந்தது. குடும்பத் தலைவன் மாண்ட மறுநாள், அந்த வீட்டின் நல்ல மாட்டை ஒருவன் வந்து அவிழ்த்துக்கொண்டு போகிறான்; காரணம் கேட்டால், படைத்தளவாடம் என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சொல்கிறான். பழைய பெயர் புதிய கொடுமைக்குப் போர்வையாவது எல்லா நாடுகளிலும் உள்ளதே. இந்த உரிமையின் எச்சங்கள் இங்கிலாந்துச் சட்டத்தில் நெடுங்காலம் தங்கியிருந்தன. 1922ஆம் ஆண்டின் நிலச் சொத்துச் சட்டமே அவற்றை ஒழிக்க வழி செய்தது.

இனி, பொருள் எவ்வாறு கெட்டது என்பதைப் பார்ப்போம். வில்லெயினுக்கு எழுதத் தெரியாது. அவனைப் பற்றி எழுதியவர்கள் பிரபுவின் கணக்கர்கள், மடத்துத் துறவிகள், அரண்மனைப் புலவர்கள். இவர்களுக்கு நாட்டுப்புறத்தான் முரடன், நாகரிகமற்றவன், வாக்குத் தவறுபவன். 'அவன் வில்லெயின்' என்றால் 'அவன் பண்ணையாள்' என்ற பொருளோடு, 'அவன் இழிந்த நடத்தையுடையவன்' என்ற பொருளும் ஏறிற்று. இழிந்தது என்று பொருள்படும் 'வைல்' என்ற சொல்லோடு இதற்குப் பிறப்பில் உறவில்லை. ஆயினும் ஒலி ஒற்றுமை இந்தச் சரிவுக்குத் துணை செய்தது. பதினான்காம் நூற்றாண்டில் இரு பொருள்களும் அருகருகே வழங்கின.

அந்த நூற்றாண்டில்தான் வில்லெயின் தலை நிமிர்ந்தான். 1348, 1349ஆம் ஆண்டுகளில் பெருங்கொள்ளை நோய் இங்கிலாந்தைச் சூறையாடிற்று. உழைக்கும் கைகள் குறைந்தன. எஞ்சிய கைகளுக்கு விலை ஏறிற்று. கூலி உயராதபடி தடுக்க 1351இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. போதாக்குறைக்கு 1377 முதல் நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று முறை தலைவரி விதிக்கப்பட்டது. 1381 ஜூன் மாதத்தில் கென்ட், எஸெக்ஸ் மாவட்டத்து மக்கள் இலண்டனை நோக்கி நடந்தார்கள். வாட் டைலர் என்பவர் அவர்களுக்குத் தலைவர். ஜான் பால் என்ற சமயகுரு அவர்களுக்குப் பேச்சாளர். அரசர் இரண்டாம் ரிச்சர்டுக்கு அப்போது வயது பதினான்கு.

அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது, இனி நாட்டில் வில்லெயின் என்று எவனும் இருக்கக் கூடாது என்பது. நிலத்துக்கு ஏக்கருக்கு நான்கு பென்னி வாடகை தருகிறோம், உடம்பை விட்டுவிடுங்கள் என்றார்கள். வழியிலுள்ள பல பண்ணைகளில் அவர்கள் பிரபுவின் பொன்னை விடப் பிரபுவின் ஏடுகளையே தேடிப் பிடித்துத் தீயிலிட்டார்கள். கல்லாதவர்கள் கல்வியின் மீது கொண்ட வெறுப்பு என்று பழைய ஆசிரியர் சிலர் இதனை எழுதிச் சென்றார்கள். எனக்கு அது ஒப்பாது. இன்னான் மகன் இன்னான் வில்லெயின் என்பது அந்த ஏடுகளில்தான் எழுதியிருந்தது. தங்களை எந்தச் சொல் கட்டியிருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்பதை அந்த மக்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஜூன் 14இல் மைல் எண்ட் என்னுமிடத்தில் அரசர் விடுதலைப் பத்திரங்கள் தருவதாக ஒப்புக்கொண்டார். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் வாட் டைலர் வெட்டுண்டு மாண்டார். ஜூலை மாதத்தில் பத்திரங்கள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டன. எனினும் கலகம் அடக்கியதைக் காலம் மெல்ல நிறைவேற்றிற்று. பண்ணை வேலை பண வாடகையாக மாறிற்று, நகரங்கள் வளர்ந்தன, நகரத்தில் ஓராண்டும் ஒரு நாளும் தங்கிய வில்லெயின் விடுதலை பெற்றவன் என்பது நெடுநாளைய வழக்கம். ஷேக்ஸ்பியர் காலத்தில் தெருவில் வில்லெயின் இல்லை. மேடையில்தான் வில்லன் இருந்தான். ஆள் மறைந்தான், வசவு நிலைத்தது. எழுத்தும் பின்னர் இரண்டாகப் பிரிந்தது: சட்ட நூலில் ஓர் எழுத்துக் கூட்டல், கயவனுக்கு வேறு எழுத்துக் கூட்டல்.

1618இல் நடந்த ஒரு வழக்கையே இது பற்றிய கடைசி வழக்காகச் சட்ட நூலோர் காட்டுவர். தன் குதிரையை ஒருவர் பறித்துக்கொண்டார் என்று வேறொருவர் முறையிட்டார். 'முறையிடுபவர் என் வில்லெயின். அவர் உடைமை என் உடைமை' என்று எதிர்வாதி பழைய சொல்லை எடுத்து வீசினார். வாதம் எடுபடவில்லை. அதன் பிறகு அச்சொல்லைச் சட்டமன்றங்களில் எவரும் கேட்கவில்லை.

செத்த சொல் என்று விட்டுவிடலாமா? நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அது ஒரு மனிதனின் விடுதலைக்காக மீண்டும் எழுந்து வந்தது. இந்த நிகழ்ச்சியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

ஜேம்ஸ் சாமர்செட் என்பவர் ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்கக் குடியேற்ற நாட்டில் அடிமையாக விற்கப்பட்டவர். சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற அவருடைய எஜமானர் 1769இல் அவரை இலண்டனுக்கு அழைத்து வந்தார். 1771இல் சாமர்செட் வீட்டைவிட்டு வெளியேறினார். அவரைப் பிடித்துச் சங்கிலியிட்டு, ஜமெய்க்காவில் விற்பதற்காகத் தேம்ஸ் நதியில் நின்ற கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கிரான்வில் ஷார்ப் என்ற பேரறவோரும் நண்பர்களும் துணை நிற்க, ஆட்கொணர்வு மனு மூலம் வழக்கு அரச மன்றத்தில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபுவின் முன் வந்தது. மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகளின் செல்வாக்கு முழுவதும் எதிர்த்தரப்பில் நின்றது.

சாமர்செட்டுக்காக வாதாடியவர்களுள் ஃபிரான்சிஸ் ஹார்கிரேவ் என்ற இளம் வழக்கறிஞர் ஒருவர். அவர் பழைய ஏடுகளைத் துருவி, யாரும் எண்ணியிராத இடத்திலிருந்து வாதத்தைக் கொண்டு வந்தார். இங்கிலாந்துச் சட்டம் அறிந்த அடிமைத்தனம் ஒன்றே ஒன்று, அதன் பெயர் வில்லெயினின் நிலை, வில்லெயின் யார், அவன் எவ்வாறு பிறக்கிறான், எவ்வாறு மெய்ப்பிக்கப்படுகிறான் என்பதற்கெல்லாம் கண்டிப்பான விதிகள் உண்டு, அந்த விதிகளின்படி இன்று இந்நாட்டில் ஒரு வில்லெயினும் எஞ்சவில்லை, கதவு மூடப்பட்டது, வேறு பெயரில் புதிய அடிமையை உள்ளே கொண்டுவரச் சட்டத்தில் இடமில்லை. இதுவே அவர் வாதத்தின் சாரம். எதிர்த்தரப்பினரும் அதே சொல்லைக் கையிலெடுத்து, ஒரு காலத்தில் வில்லெயின் இருந்தமையால் அடிமைத்தனம் இந்நாட்டுச் சட்டத்துக்குப் புறம்பானதன்று என்று வாதிட்டார்கள். பாருங்கள், ஒரு பழஞ்சொல்லின் சரியான பொருள் என்ன என்ற வினாவின் மேல் ஒருவருடைய உடலும் உயிரும் ஊசலாடின.

1772 ஜூன் 22இல் தீர்ப்பு வந்தது. அடிமை முறை நேரடியான சட்டம் ஒன்றினால் அன்றி நிற்க இயலாத அளவுக்கு வெறுக்கத்தக்கது. அத்தகைய சட்டம் இங்கே இல்லை. ஆகவே இவரை விடுவிக்க வேண்டும் என்றார் மான்ஸ்ஃபீல்டு. தீர்ப்பு வில்லெயின் வாதத்தின் மேல் மட்டும் எழுந்தது என்று சொல்வது மிகையாகும். அடிமையை வலிந்து நாடு கடத்தக் கூடாது என்ற அளவில்தான் அது நின்றது. குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டம் 1833 வரை வரவில்லை. ஆயினும் சாமர்செட் விடுதலையாகி நடந்து சென்றார்.

வில்லன் தனியே சரிந்தவன் அல்லன். அவனுக்குத் தோழர்கள் பலர். 'சர்ல்' என்ற சொல் இன்று முரட்டுப் பண்பற்றவனைக் குறிக்கும். பழைய ஆங்கிலத்தில் அது 'சேயோர்ல்'. பொருள், அடிமையல்லாத சாமானியக் குடிமகன். அக்காலத்தில் ஒருவனைக் கொன்றால் அவன் குடும்பத்துக்குச் செலுத்த வேண்டிய ஈட்டுத்தொகைக்கு 'வேர்கில்டு', அதாவது ஆள்விலை, என்று பெயர். மேற்கு சாக்சன் நாட்டில் சேயோர்லுக்கு 200 ஷில்லிங். பெருமகனுக்கு 1,200 ஷில்லிங். குறைவுதான், ஆனால் விலை இருந்தது, உரிமை இருந்தது. நார்மானியர் வந்த பின் அவன் வில்லெயினோடு வில்லெயினாகத் தாழ்ந்தான். இதே சொல் ஜெர்மானிய மொழியில் 'கார்ல்' என்று மாபெரும் பேரரசர் ஒருவரின் பெயராயிற்று; அவரைத்தான் சார்லமேன் என்று வரலாற்றில் படிக்கிறீர்கள். ஸ்லாவிய மொழிகள் பலவற்றில் அரசன் என்பதற்கு வழங்கும் சொல்லே அந்தப் பெயரிலிருந்து வந்தது. ஒரே விதை, கிழக்கே அரசனாக முளைத்தது, இங்கிலாந்தில் முரடனாக முளைத்தது.

இன்னும் விந்தையான இரட்டையர் 'நேவ்', 'நைட்' என்னும் இருவர். இரண்டுக்கும் தொடக்கத்தில் பொருள் சிறுவன் என்பதே; பின் ஏவலாளன். ஒரு சிறுவன் பிரபுவின் குதிரைக்கு அருகில் நின்றான், போர்க்களம் சென்றான், 'நைட்' என்ற வீரப்பெருமகன் ஆனான். மற்றவன் பிரபுவின் அடுக்களையில் நின்றான்; 'நேவ்' என்ற போக்கிரி ஆனான். சீட்டுக்கட்டில் 'ஜாக்' என்று நாம் சொல்லும் சீட்டுக்கு 'நேவ்' என்றும் பெயர் உண்டு. அங்கே அவன் இன்னும் அரசனுக்கும் அரசிக்கும் கீழே நிற்கும் ஏவலாளனே. டிக்கன்ஸ் 1860, 1861ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில், ஏழைச் சிறுவன் பிப் அந்தச் சீட்டை 'ஜாக்' என்று சொன்னதற்காகச் செல்வச் சிறுமி எஸ்டெல்லா அவனை ஏளனம் செய்கிறாள். ஒரு சொல்லாலேயே ஒருவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று கண்டுபிடித்து இகழும் பழக்கம் ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று; நம் ஊர்ப் பிள்ளைகளும் அதை அறிவார்கள்.

'பூர்' என்னும் சொல்லும் உழவனையே குறித்து, நயமற்றவனைக் குறிப்பதாகத் தாழ்ந்தது. அதே வேரிலிருந்து பிறந்த 'நெய்பர்' மட்டும் அண்டை வீட்டுக்காரன் என்ற நல்ல பொருளில் பிழைத்துக்கொண்டது. அருகிலுள்ள உழவன் என்பதே அதன் முதற்பொருள். மறுபுறத்தில், நற்குடிப் பிறந்தவன் என்று மட்டும் பொருள்பட்ட 'ஜென்டில்' மென்மையானவன் ஆயிற்று. 'ஜெனரஸ்' கொடையாளன் ஆயிற்று. 'நோபிள்' உயர்ந்த உள்ளத்தான் ஆயிற்று. தாழ்ந்த நிலையைக் குறித்த சொற்கள் இகழ்ச்சிக்கும் உயர்ந்த நிலையைக் குறித்தவை புகழ்ச்சிக்கும் சென்றன என்பதைப் பேராசிரியர் சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட சொல்லாராய்ச்சி நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார். 'ஃப்ரீ' என்ற சொல்லின் தொல்பொருள் அன்புக்குரியவன் என்பதாகும். நாம் வழங்கும் 'பிரியம்' என்ற வடசொல்லும் அதுவும் ஒரே வேரைச் சேர்ந்தவை. வீட்டில் இருந்தவர்கள் இருவகையினர்: இரத்த உறவினராகிய அன்புக்குரியோர், விலைக்கு வாங்கப்பட்டோர். முன்னவரின் பெயர் விடுதலையின் பெயராயிற்று.

பிரபு என்பதற்குரிய 'லார்டு' என்ற சொல்லைப் பிரித்தால் அதில் ரொட்டி இருக்கிறது. 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி. 'வேர்ட்' என்றால் காவலன். ரொட்டியைக் காப்பவன் லார்டு. மாவு பிசைபவள் 'லேடி'. கி.பி. 600ஐ ஒட்டி கென்ட் நாட்டு அரசர் ஏத்தல்பர்ட் வகுத்த சட்டத்தில், பிறர் வீட்டில் அண்டி வாழ்பவனுக்கு 'ரொட்டி தின்பவன்' என்ற பெயரே காணப்படுகிறது. காப்பவனும் பிசைபவளும் இன்றுவரை பட்டங்களாக வாழ்கிறார்கள். தின்றவனின் பெயர் அகராதி ஆராய்வோருக்கு மட்டுமே தெரியும்.

எல்லாச் சொற்களும் இவ்வாறு வர்க்கப் போரில் மாண்டன என்று நினைத்துவிடாதீர்கள். பொருள் மாற்றத்துக்குப் பல வழிகள் உண்டு. 'ஸ்டார்வ்' முன்பு வெறுமனே சாவதைக் குறித்தது. பின் பட்டினிச் சாவுக்குச் சுருங்கிற்று. 'டியர்' எந்த விலங்கையும் குறித்தது. பின் மானுக்குச் சுருங்கிற்று. 'சில்லி' முன்பு பேறு பெற்றவன், பிறகு வெகுளி, பிறகு இரங்கத்தக்கவன், இன்று அசடன். 'நைஸ்' இதற்கு நேர் எதிராக அறிவிலியில் தொடங்கி இனிமையில் முடிந்தது. 'ஸ்டெஞ்ச்' என்றால் முன்பு மணம், நல்லதோ தீயதோ. இன்று அது தீநாற்றம் மட்டுமே. நம் 'நாற்றம்' என்ற சொல்லுக்கும் இதே கதி நேர்ந்ததைத் தமிழாசிரியர் உங்களுக்குச் சொல்லியிருப்பார். பழைய பாட்டில் பூவின் நாற்றம் வரும்போது சிரிக்கும் மாணவனும், பழைய ஆங்கில ஏட்டில் இனிய 'ஸ்டெங்க்' வரும்போது மூக்கைப் பிடிக்கும் மாணவனும் ஒரே பெஞ்சில் உட்காரத் தக்கவர்கள்.

சிரிப்போடு போகாத இடங்களும் உண்டு. 'ஹாம்லெட்' நாடகத்தில் தந்தையின் ஆவியைத் தொடர விரும்பும் இளவரசன், தன்னை 'லெட்' செய்பவனைக் கொன்றுவிடுவதாக மிரட்டுகிறான். 'அனுமதிப்பவனைக் கொல்வானேன்?' என்று வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு மாணவனாவது கேட்பான். பழைய ஆங்கிலத்தில் இரு வினைச்சொற்கள் இருந்தன: ஒன்று அனுமதி, மற்றொன்று தடை. காலத்தால் இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. பொருளில் ஒன்றுக்கொன்று பகை. தடை என்னும் பொருள் இறந்துவிட்டது என்பர். முற்றும் இறக்கவில்லை. இந்தியக் கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள். அதனை வைத்திருப்பவரை 'லெட்' இன்றியும் இடையூறு இன்றியும் செல்லவிடுமாறு வேண்டும் வாசகம் அங்கே அச்சிட்டிருக்கும்.

இந்தப் பழம்பொருள்களையெல்லாம் நமக்குத் தேடித் தந்தவர் யார்? இங்கே என் தொழிலைச் சார்ந்தவர்களைப் பற்றிச் சிறிது பெருமையோடு பேச இடம் தர வேண்டும். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் முதல் அகராதி 1604இல் வெளிவந்தது. அதை ஆக்கிய ராபர்ட் காட்ரி மதகுருவாகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். அதில் ஏறத்தாழ 2,500 அருஞ்சொற்களே உண்டு. பொருளும் ஒன்றிரண்டு சொற்களில் முடிந்துவிடும். அதன் முதற்பதிப்பில் இன்று எஞ்சியிருப்பது ஒரே படி. ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. 1755இல் சாமுவேல் ஜான்சன் ஏறத்தாழ 42,000 சொற்களைக் கொண்ட பேரகராதியைத் தந்தார். நல்ல நூலாசிரியர்களின் வாக்கியங்களை மேற்கோளாகக் காட்டியது அவர் செய்த அரும்பணி. எனினும் எது நல்ல சொல், எது இழிசொல் என்று தீர்ப்பளிக்கும் ஆசையும் அவருக்கு இருந்தது.

1857 நவம்பரில் இலண்டன் மொழியியற் கழகத்தில் ரிச்சர்டு டிரெஞ்ச் என்பவர் இரண்டு கட்டுரைகள் படித்தார். அகராதி ஆக்குபவர் மொழியின் நீதிபதியல்லர், அதன் வரலாற்றாசிரியர் என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு சொல்லும் எப்போது பிறந்தது, எப்பொருளில் வாழ்ந்தது, எப்போது மறைந்தது என்பதைச் சான்றோடு காட்ட வேண்டும் என்றார். அந்தக் கனவை நனவாக்கும் பொறுப்பு 1879இல் ஜேம்ஸ் மரே என்பவரிடம் வந்தது. ஸ்காட்லாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, பதினான்காம் வயதில் பள்ளிப்படிப்பை முடித்துக்கொண்டு, இருபது வயதில் ஒரு சிறு பள்ளிக்குத் தலைமையாசிரியரானவர் அவர். அகராதிப் பணி வந்தபோது மில் ஹில் பள்ளியில் ஆசிரியர்.

பள்ளி வளாகத்தில் இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை போட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு அறைகள் கொண்ட மாடங்களைச் சுவரில் அமைத்து, அவற்றில் சீட்டுகளை அடுக்கினார். ஒரு சீட்டில் ஒரு சொல், அது வந்த வாக்கியம், நூல், ஆண்டு. பழைய நூல்களைப் படித்து இவ்வாறு எழுதியனுப்புமாறு ஆங்கிலம் படிக்கும் மக்கள் அனைவருக்கும் வேண்டுகோள் விடுத்தார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருந்த தொண்டர்களிடமிருந்து இலட்சக்கணக்கில் சீட்டுகள் வந்து குவிந்தன. அவருடைய குழந்தைகள் கையிருப்புக் காசுக்காக அவற்றை அகரவரிசைப்படுத்தினார்கள். பத்தாண்டில் முடிந்துவிடும் என்று எண்ணித் தொடங்கிய வேலை ஐந்து ஆண்டு கழிந்து 1884இல் முதல் பகுதி வெளிவந்தபோது 'ஆண்ட்', அதாவது எறும்பு, என்ற சொல்வரைதான் ஊர்ந்திருந்தது. மரே 1915இல் மறைந்தார்; அப்போது 'டி' என்னும் எழுத்தில் நின்றது. 1928இல் நூல் நிறைவெய்தியது. 4,14,825 சொற்கள், 18,27,306 மேற்கோள்கள். 1989இல் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகளாக வந்தது. 2000ஆம் ஆண்டு முதல் மூன்றாம் பதிப்புக்கான திருத்தம் கணினி வழியே நடந்து வருகிறது. வில்லெயினின் சரிவை இன்ன நூற்றாண்டில் இன்ன பொருள் என்று நான் மேலே சொல்ல முடிந்ததற்குக் காரணம், முகமறியாத யாரோ ஒருவர் பழைய ஏட்டிலிருந்து எழுதியனுப்பிய சீட்டுகளே.

அந்தக் கொட்டகைக்குள் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு சொல்லின் பிறப்பைச் சொல்கிறேன். வடநாட்டு நார்ஸ் மொழியில் 'போண்டி' என்றால் தனக்குச் சொந்தமாக வீடும் நிலமும் உடைய சுதந்திர உழவன். ஆங்கிலத்தில் அது 'போண்டா' ஆயிற்று. வீட்டுக்குரிய போண்டா 'ஹஸ்பண்டு'. கணவன் என்ற பெயரில் அவன் இன்றும் மதிப்போடு இருக்கிறான். நிலத்திலே நின்ற போண்டா, நார்மானியர் ஆட்சியில் பண்ணைக்குக் கட்டுப்பட்டவனாகி, 'பாண்டு' என்றால் அடிமை, 'பாண்டேஜ்' என்றால் அடிமைத்தனம் என்ற நிலைக்கு இறங்கினான். கட்டுதல் என்று பொருள்படும் வேறொரு சொல்லின் ஒலியும் அவனைப் பிணித்தது. சுதந்திர உழவனின் பெயரே அடிமையின் பெயராகிவிட்டது. அந்த வழியில் அடிமைப் பெண்ணுக்கு வந்த பெயர் 'பாண்ட்மெய்டு'. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்திலும் இடம்பெற்ற சொல் அது. அரிய சொல் அன்று.

1888இல் அகராதியின் முதல் தொகுதி முற்றுப்பெற்றபோது அதில் 'பாண்ட்மெய்டு' இல்லை. அச்சொல்லுக்குரிய சீட்டுகள் வேறு சீட்டுகளோடு கலந்து எங்கோ மறைந்து, அச்சாகும்வரை எவர் கண்ணிலும் படாமல் போயின. பின்னர் அவை கிடைத்தபோது தொகுதி வெளிவந்து நெடுநாளாகியிருந்தது. ஒரு சொல்லும் தவறக் கூடாது என்று உழைத்த மரேக்கு அது ஆறாத வருத்தம் தந்தது. 1933இல் வெளியான துணைத் தொகுதியில்தான் அந்த அடிமைப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது.